எண்பத்தைந்தில் ஒரு தொடர்

உ.வே.சாமிநாதையர் 1919இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றார். பதிப்பு வேலை ஓயவில்லை. 1937இல் குறுந்தொகையை உரையோடு கொண்டுவந்தபோது வயது எண்பத்திரண்டு. அதற்கும் பிறகுதான், 1940இல், ஆனந்த விகடனில் தன்வரலாற்றுத் தொடர் ‘என் சரித்திரம்’. வாராவாரம் கெடு! பாதி வயதுக்காரர்களே திணறும் வேலை.

எனக்குப் பிடித்தது அந்த உரைநடையின் நிதானம். அதில் அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பேச்சோடு பேச்சாகச் செய்யுளைச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் எழுத்தாணியும் ஏடுமாக ஈடுகொடுக்க வேண்டும். படிக்கிற நமக்கே கை வலிக்கும். அத்தனை புலமையும் இருந்தும் நடை என்னவோ திண்ணைப் பேச்சுதான். பட்டங்களைவிடச் சாப்பாடும் கடனும் வழிநடையும் நினைவில் நிற்கின்றன. 1942 ஏப்ரலில் அவர் காலமானார். சரித்திரம் அவருடைய நாற்பதுகளைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.