எண்ணிக்கையும் எடையும்

ஒருவர் எத்தனை ஆய்வுரைகள் எழுதினார் என்பதும், அவை எத்தகையன என்பதும் வேறு வேறு வினாக்களாகும். முதல் வினாவுக்கு எண்ணத் தெரிந்த எவரும் விடை கூறலாம். இரண்டாவதற்கு விடை கூற, அவற்றைப் படித்தறிதல் வேண்டும். இக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் முதல் வினாவின் விடையையே இரண்டாவதன் விடையாகக் கொள்ளும் போக்கு வலுப்பெற்று வருகின்றது. நம் வாவிக்குத் தெற்கே ஒலுவிலில் பொறியியற் பீடமொன்று இயங்குகின்றது. நம் மாணவரிற் சிலர் நாளை அத்துறை ஆராய்ச்சியாளராவர். ஆதலின், இவ்வளவுகோலின் தகுதியை நம் நாட்டுப் பொறியியல் அறிஞர் ஒருவரின் ஆராய்ச்சி கொண்டு சீர்தூக்குதல் பயனுடைத்து.

முதற்கண் அளவுகோலின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஓர் ஆய்வுரையைப் பின்வந்தோர் எவரெவர் எடுத்தாண்டனர் என்று காட்டும் அட்டவணை வேண்டும் என 1955இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியவர் அமெரிக்கரான யூஜின் காபீல்டு. முற்காலத் தீர்ப்பொன்று பின்னர் எவ்வழக்குகளிற் கையாளப்பட்டது என்றறிய அந்நாட்டு வழக்கறிஞர் 1873 முதல் கொண்டிருந்த அட்டவணையே அவருக்கு முன்மாதிரி. கருத்துக்களின் வழிமுறையைத் தேடுவோர்க்கு உதவுதலே அவர் முதல் நோக்கம். தேடுதற்கு எழுந்த கருவி நாளடைவில் தீர்ப்புக் கூறும் கருவியாயிற்று. 2005இல் பௌதிக அறிஞர் ஹேர்ஷ் 'எச்' சுட்டியை வகுத்தார். ஒருவருடைய ஆய்வுரைகளிற் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாமல் மேற்கோளாக எடுத்தாளப்பட்டிருப்பின், அவர் சுட்டி பத்து. இருபது ஆய்வுரைகள் இருபது முறைக்குக் குறையாமல் எடுத்தாளப்பட்டிருப்பின், இருபது.

இதன் நன்மையை மறுத்தல் நேர்மையன்று. படிப்பாரற்ற கட்டுரைகளைக் குவித்தவர் இதனால் உயர்வதில்லை. செல்வாக்குடையார் துணையின்றி உழைப்பவரின் பணியும் ஓரளவு வெளிச்சம் பெறுகின்றது. வேண்டியவர்க்குப் பதவி வழங்கும் வழக்கத்துக்கு இஃது ஒரு தடையுமாகும்.

இனி, பேராசிரியர் அழகையா துரைராஜாவின் ஆராய்ச்சியை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். வடமராட்சியில் 1934இல் பிறந்த இவர், இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்று, கேம்பிறிட்ஜில் மண்ணின் இயல்பை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். மென்களிமண் சுமையால் உருமாறும்போது உராய்வினாற் செலவாகும் சக்தியைச் சோதனை முடிவுகளிலிருந்து கணித்து, அஃது எளிய விதியொன்றுக்கு அடங்குவதை அவர் கண்டார். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா ஆகிய மூவரும் களிமண்ணின் நெகிழ்வு பற்றி 1963இல் 'ஜியோற்றெக்னிக்' இதழில் வெளியிட்ட ஆய்வுரையில் இவ்விதி முக்கிய இடம் பெற்றது. கேம்பிறிட்ஜ் நகரின் ஆற்றுப் பெயர் தாங்கிய 'கேம் களி' என்னும் கணிதக் கோலம் இதன்மேல் எழுந்ததே. ஸ்கோபீல்ட் பிற்காலத்தில் இக்கண்டுபிடிப்பைத் துரைராஜாவின் பெயர் சுட்டியே எழுதியுள்ளார்.

அளவுகோல் இங்கு மூன்று இடங்களிற் பிழைக்கின்றது. காபீல்டின் அச்சிட்ட அட்டவணை, எடுத்தாளப்பட்ட ஆய்வுரையை அதன் முதலாசிரியர் பெயரின் கீழேயே நிரல்படுத்தியது. ஆங்கில அகரவரிசையில் ரொஸ்கோ முன்னும் துரைராஜா பின்னும் வருவர். ஆகவே மூவர் உழைப்பின் மேற்கோள்களும் ஒருவர் பெயரின் கீழ் நின்றன. பெயர்கள் யாவற்றையும் கொள்ளும் இக்காலக் கணினி அட்டவணைகள் இக்குறையை நீக்கின எனினும், இரண்டாவது குறை எஞ்சுகின்றது. ஓர் ஆய்வுரை ஆயிரம் முறை எடுத்தாளப்படினும் 'எச்' சுட்டியில் அதனாற் கூடுவது ஒன்றே. ஒரு துறையின் அடித்தளத்தை அமைத்த உரையும் ஓரளவு பயன்பட்ட உரையும் அங்கே ஒரே நிறையின. மூன்றாவது குறை நுண்ணியது. ஒரு கருத்துப் பொதுவுடைமையானவுடன் அதன் மூலத்தை எவரும் சுட்டுவதில்லை. ரொஸ்கோவும் பேர்லாண்டும் 1968இல் திருத்திய கோலத்தையோ பிற்காலப் பாடநூலையோ சுட்டுவோர் பலர். கணினி நிரலில் அதனை இயக்கி, எதனையும் சுட்டாது விடுவோரும் உளர். முழுவெற்றி பெற்ற கருத்தே கணக்கிலிருந்து மறையும் இவ்விந்தையைச் சமூகவியலறிஞர் மேற்றன் முன்னரே எடுத்துரைத்தார்.

எண்ணில் அடங்காத பகுதி இன்னுமொன்றுண்டு. பேராதனையிற் பொறியியற் பீடாதிபதியாய்ப் பணிபுரிந்த துரைராஜா, 1988 முதல் 1994இல் மறையும்வரை, போர்க்காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் இருந்தார். அவ்வாண்டுகள் மேற்கோள் அட்டவணையிற் பெரும்பாலும் வெற்றிடமாகவே தோன்றும். ஒரு பல்கலைக்கழகம் மூடப்படாது நிலைத்ததை எவ்வட்டவணை பதியும்?

இவர் அரியர், அரியவரைக் கொண்டு பொதுவிதியைக் குறைகூறலாமா என வினவுவர் சிலர். மிகச் சிறந்ததை இனங்காணாத அளவுகோல், சாதாரணமானவற்றைச் சரியாக நிறுக்கும் என்பதற்கு உறுதி யாது? மேலும், அளவு இலக்கானவுடன் மனிதர் அதற்கேற்ப நடக்கத் தொடங்குவர். ஓராய்வை நான்காகக் கூறுபோடுதல், தம்மைத் தாமே சுட்டல், நண்பர் ஒருவரையொருவர் சுட்டல் என்பன இதன் விளைவுகளே.

நம் பிரதேசத்து இளம் ஆராய்ச்சியாளர்க்கு இதனால் நேரும் தீங்கு வெளிப்படை. வாவிக்கரைச் சேற்றுநிலம் எத்துணைச் சுமை தாங்கும் என்று ஆராய்பவரை எடுத்தாளுவோர் உலகிற் சிலரே. ஆயினும் கல்லடியில் 1924இல் எழுந்த பழைய பாலமும், அதனருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் நிற்பது அத்தகைய அறிவின்மீதே. எண்ணுக்கு அஞ்சி அவர் அயல்நாட்டு வினாக்களையே நாடுவாராயின், நம் நிலத்தின் வினாக்களுக்கு விடை தருவார் யார்? காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பயிற்சியையும் தமிழறிவையும் ஒருங்கிணைத்துப் பல்லாண்டு உழைத்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். இன்றைய முறையில் ஆண்டுதோறும் கணக்குக் காட்டும்படி பணிக்கப்பட்டிருப்பின், அந்நூல் உருவாகியிருக்குமோ என்பது ஐயமே.

ஆராய்ச்சியாளரை இதழின் எண் கொண்டன்றி ஆய்வின் பொருள் கொண்டே மதிப்பிடுக என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனமும் கூறுகின்றது. எண்ணை முற்றும் தள்ளவேண்டியதில்லை. அது சாட்சிகளுள் ஒன்றாய் நிற்கட்டும். பதவிக்கு விண்ணப்பிப்பவர் தம் சிறந்த ஆய்வுரைகள் மூன்றைத் தாமே தெரிந்து கொடுக்க, தேர்வுக்குழுவினர் அவற்றை முழுதும் படித்துத் தம் கருத்தை எழுத்தில் தருதல் வேண்டும். இதற்குக் காலமும் உழைப்பும் வேண்டும் என்பது உண்மையே. பிறர் பல்லாண்டு உழைத்து எழுதியதை மதிப்பிட முற்படுவோர், சில நாள் அதனைப் படித்தற்கு ஒதுக்குதல் முறையேயாகும்.