அடி தட்டாமல் ஏறுமா டிசையர்?

வயிறு தட்டாமல் வேகத்தடை தாண்டுவதே டிசையர் காருக்குப் பெரும்பாடு. அதை மூடிய கன்டெய்னர் லாரியில் ஏற்றி, தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு அனுப்ப வேண்டி வந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டி. தை மாதச் சாலையில் வைக்கோல் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டிப்போக மனம் வரவில்லை. லாரியோடு 8 அடி இரும்பு ரேம்ப் வந்தது. அதை நம்பாமல் 12 அடி மடிப்பு அலுமினிய ரேம்ப் ஒரு ஜோடியை வாடகைக்கு எடுத்துவைத்திருந்தேன். இரண்டையும் வெண்ணாற்றங்கரையில் வைத்துப் பார்த்தோம்.

எத்தனை கிலோ தாங்கும் என்று ரேம்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். டிசையரின் எடை ஏறக்குறைய 900 கிலோதான், எடை பிரச்சினையே இல்லை. பிரச்சினை கோணத்தில் இருக்கிறது, அதைப் பற்றி ரேம்பில் ஓர் எழுத்தும் இல்லை. 2017-இல் வந்த டிசையருக்குத் தரை இடைவெளி 163 மி.மீ., முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,450 மி.மீ. இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், ரேம்ப் முடிந்து லாரித் தளம் தொடங்கும் மூலை சுமார் 15 டிகிரிக்கு மேல் மடங்கினால் வண்டியின் வயிறு அதில் உட்கார்ந்துவிடும்.

லாரித் தளம் தரையிலிருந்து 105 செ.மீ. உயரம். 8 அடி ரேம்ப் வைத்தால் 26 டிகிரி. பார்த்ததுமே அதை எடுத்து ஓரமாகப் போட்டோம். 12 அடி வைத்தால் 17 டிகிரி. இரண்டு டிகிரிதானே என்று ஏற்றிப் பார்த்திருந்தால் சைலன்ஸர் குழாய் கையோடு வந்திருக்கும்.

பக்கத்தில் சம்பா அறுவடைக்கு வந்த பெல்ட் அறுப்பு மெஷினை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் டிரைவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரேம்பு நீளம் பத்தலைன்னா லாரியச் சாய்க்கணும் சார். மட்டத்துல நிறுத்திட்டு ரேம்பைக் கொறை சொன்னா எப்படி?"

சமவெளியான டெல்டாவில் மேடு என்று இருப்பது ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும்தான். அறுப்பு மெஷின்காரர்கள் ஊருக்குள் வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவார்களாம். அவர் சொன்னபடி, கரைச் சாலை களத்துக்கு இறங்கும் சரிவில் லாரியின் முன்சக்கரம் ஏறி நிற்க, பின்சக்கரம் களத்து மட்டத்தில் நின்றது. தளம் 5 டிகிரி பின்பக்கம் சாய்ந்தது, வால் 90 செ.மீ.க்கு இறங்கியது, ரேம்ப் 14 டிகிரிக்கு வந்தது. தளமும் அதே பக்கம் சாய்ந்திருப்பதால் மூலையில் மடங்கும் கோணம் வெறும் 9 டிகிரி! ஒரு பைசா செலவில்லை.

அதற்குப் பிறகும் முதல் தடவை ஏறவில்லை. டிசையருக்கு முன்சக்கரம்தான் இழுக்கும். அது ரேம்பை மிதித்ததும் ரேம்ப் பின்னோக்கி இரண்டு விரல் நகர்ந்தது. கொக்கி மாட்டியிருந்ததே தவிர, பெல்ட் போட்டு லாரியோடு கட்டவில்லை. தப்பு என்னுடையது. கட்டிய பிறகு டயர் வழுக்கியது. அலுமினியத்தில் பிடிமானத்துக்காகப் போட்ட துளைகளை நம்மூர்க் களிமண் ஐந்தே நிமிடத்தில் அடைத்துவிட்டது. டயரைக் கழுவி, ரேம்பைத் துடைத்து, அடியில் முன் பம்பர் இடிக்காமலிருக்க இரண்டு பலகை போட்டு ஏற்றினோம். மூலையைத் தாண்டும்போது குனிந்து பார்த்தேன், நாலு விரல் இடைவெளி நின்றது.

உள்ளே போனதும் அடுத்த கூத்து. காரின் அகலம் 1,735 மி.மீ., கன்டெய்னரின் உள் அகலம் 2.3 மீட்டர். இரு பக்கமும் ஒரு சாண் சொச்சம்தான். கதவு திறக்காது. ஒல்லியான கிளீனர் தம்பி ஓட்டியதால் ஜன்னல் வழியாக வெளியே வந்தார். நான் ஓட்டியிருந்தால் சென்னை வரை அதற்குள்தான். ஏற்றும் முன் ஜன்னலை இறக்கிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, பெல்ட்டைச் சக்கரத்தில் கட்டுங்கள். பாடியில் கட்டினால் குலுங்கக் குலுங்க பெல்ட் தளரும்.

12 அடி ரேம்பின் நிறை: ஒரு ரேம்பை இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம், மடித்தால் 6 அடி. குறை: மடிப்புக் கீல் நடுவில் லேசாக ஆடுகிறது, சேறு பட்டால் பிடிமானம் போய்விடுகிறது. டிசையர், சிட்டி போன்ற தாழ்ந்த வண்டிக்காரர்கள் 12 அடிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். லாரியை எங்கே நிறுத்துவது என்பதையும் முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

இறக்குகிற இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். ரேம்பைக் காருக்கு அடியிலேயே போட்டு அனுப்பினேன், ஆனால் சென்னையில் கரைக்கு எங்கே போவது? கடைசியில் ஒரு கோடவுன் மேடையில் லாரியின் பின்புறத்தை ஒட்டி நிறுத்தி, மட்டமாக வெளியே எடுத்தார்கள். அந்த மேடைக்கு நீளமான சரிவுப்பாதை இருந்ததால் கார் தானே ஓடி இறங்கியது. ரேம்ப் மடித்தபடியே தஞ்சாவூருக்குத் திரும்பி வந்தது.