மறுபத்தியம்: ஜான் வாக்கரின் ரப்பர் பையும் வள்ளுவரின் மருந்தும்

எடைக் குறைப்புப் புத்தகங்கள் அநேகமாக எல்லாமே ஒரே இடத்தில்தான் முடிகின்றன. பழைய பேன்ட்டுக்குள் இப்போது இரண்டு பேர் நுழையலாம். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் சிரிக்கிறார். கதை முடிந்தது. மறுநாள் காலை அவர் என்ன சாப்பிட்டார், ஆறாவது வருஷத் தீபாவளிக்கு என்ன செய்தார் என்றெல்லாம் கேட்டால், ‘இதே பழக்கத்தைத் தொடருங்கள்’ என்று கடைசியில் இரண்டு பக்கம் இருக்கும். நாவல் வாசகர்களுக்கு இது நன்றாகப் பழகிய வடிவம். கல்யாணத்தோடு முடிகிற கதை. கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்ட நாவல்களைத்தான் நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம் என்பது வேறு விஷயம்.

நான் 92 கிலோவிலிருந்து 76 கிலோவுக்கு வர 14 மாதங்கள் ஆயின. அதற்குப் பிறகு நாலு வருஷமாக 75க்கும் 78க்கும் நடுவில் இருக்கிறேன். அந்த 14 மாதங்களைப் பற்றி எழுத பெரிதாக ஒன்றும் இல்லை. குறைவாகச் சாப்பிட்டேன், நடந்தேன், பாராட்டினார்கள். இந்த நாலு வருஷம்தான் சிக்கல். யாரும் பாராட்டுவதில்லை, முள் நகர்வதில்லை, ஆனால் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தப் பகுதிக்கு ஏதாவது படிக்கக் கிடைக்குமா என்று தேடியதில் எனக்கு உருப்படியாக அமைந்தவை இரண்டு. ஒன்று 1991இல் ஒரு புரோகிராமர் எழுதியது. இன்னொன்று பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தது.

அவற்றுக்குள் போகும் முன் ஒரு சொல். சித்த வைத்தியத்தில் மருந்து சாப்பிடும் நாட்களில் இருப்பது பத்தியம். மருந்து முடிந்த பிறகும் சில காலம் விடாமல் இருக்க வேண்டியது மறுபத்தியம். நோய் போய்விட்டது, மருந்தும் தீர்ந்துவிட்டது, ஆனாலும் உடம்பு இன்னும் பழையபடி ஆகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிற சொல் அது. டயட் புத்தகங்கள் எல்லாம் பத்திய இலக்கியம் என்றால், நான் தேடியது மறுபத்திய இலக்கியம்.

ஜான் வாக்கர் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். சிவில், மெக்கானிக்கல் படித்த எல்லோரும் ஆட்டோகேட் வழியாக அவர் நிறுவனத்துக்குக் கொஞ்சமாவது கடன்பட்டவர்கள்தான். அவர் எழுதிய ‘த ஹேக்கர்ஸ் டயட்’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மன அழுத்தத்தாலும் மோசமான சாப்பாட்டாலும் எடையையும் முடியையும் இழப்பது எப்படி என்கிற மாதிரி ஒரு துணைத்தலைப்பு. குரல் முழுக்க இப்படித்தான்: கிண்டல், அவசரம், ‘இது ஒரு பொறியியல் பிரச்சினை, வா தீர்ப்போம்’ என்கிற தோரணை. 215 பவுண்டிலிருந்து 145 பவுண்டுக்கு வந்தவர் அவர்.

அவருடைய மைய உருவகம் ரப்பர் பை. உடம்பு ஒரு பை. மேலே உணவு போகிறது, கீழே கழிவு வருகிறது, நடுவில் கொஞ்சம் எரிகிறது. போனதற்கும் எரிந்ததற்கும் உள்ள வித்தியாசம் பையில் சேர்கிறது. இன்னொரு உருவகம், சாப்பிடு என்று நேரம் காட்டும் கைக்கடிகாரம். சிலருக்குப் பிறவியிலேயே அது சரியாக ஓடுகிறது. போதும் என்ற இடத்தில் அணைந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அது தப்பாக ஓடுகிறது. பார்வை மங்கியவர் கண்ணாடி போடுவதைப் போல, கடிகாரம் தப்பாக ஓடுபவர் வெளியிலிருந்து ஒரு கடிகாரம் கட்டிக்கொள்ள வேண்டும். குணக்கேடு, சோம்பேறித்தனம், கட்டுப்பாடின்மை போன்ற வார்த்தைகளுக்கு இந்த உருவகத்தில் இடமே இல்லை. குண்டானவரைத் திட்டாமல் பேசும் எடைப் புத்தகம் எவ்வளவு அபூர்வம் என்பது நாலைந்து படித்தவர்களுக்குத் தெரியும்.

அவர் கட்டித் தரும் கடிகாரம் மிக எளிமையானது. தினமும் காலை எடை பார். நேற்றைய சராசரிக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சராசரியோடு சேர். நேற்றைய சராசரி 76.0, இன்று தராசு 77.0 காட்டுகிறது என்றால், புதுச் சராசரி 76.1. அவ்வளவுதான். கல்யாண விருந்துக்கு மறுநாள் உடம்பில் ஏறும் ஒரு கிலோவில் பெரும்பகுதி உப்பும் தண்ணீரும். இந்தக் கணக்கு அதைப் பார்த்துப் பதறாது. ஆனால் மூன்று வாரமாக மெல்ல ஏறினால் விடாமல் சொல்லிவிடும். சர்வர் கண்காணிப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது தினப்படி சமாச்சாரம். ஒவ்வொரு துள்ளலுக்கும் அலாரம் அடித்தால் யாரும் தூங்க முடியாது. போக்கு மாறினால்தான் எழுப்ப வேண்டும்.

இந்தப் புத்தகத்தை நான் மதிக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. எடை குறைந்த பிறகும் இந்தக் கருவிக்கு வேலை இருக்கிறது. சொல்லப்போனால் அப்போதுதான் அதன் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. பொறியாளர் பிரச்சினையைத் தீர்த்துவிட்டுப் போவார், மேலாளர் அதைக் கூடவே வைத்து நடத்துவார் என்று வாக்கர் பிரித்துக் காட்டுகிறார். எடை விஷயத்தில் இருவருமே வேண்டும் என்கிறார். இரண்டாமவருக்குப் புத்தகத்தில் முழு இடம் கொடுத்ததுதான் அவர் மறுபத்தியத்துக்குச் செய்த மரியாதை.

ஆனால் ரப்பர் பை? இலக்கிய வாசகனாக எனக்கு உறுத்துவது அதுதான், விஞ்ஞானமும் அதே இடத்தில்தான் கை வைக்கிறது. பை தன்னை இளைக்க வைத்தவனைக் கவனிப்பதில்லை. உடம்பு கவனிக்கிறது. ‘த பிக்கெஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016இல் வந்தது. சராசரியாக 58 கிலோ குறைந்திருந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிட முக்கியம், அந்த உடல் அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக அவர்கள் உடம்பு எரித்துக்கொண்டிருந்தது, ஆறு வருடத்துக்குப் பிறகும். 2011இல் ஆஸ்திரேலியாவில் நடந்த இன்னொரு ஆய்வில், எடை குறைந்து ஒரு வருடம் ஆன பிறகும் பசியைத் தூண்டும், அடக்கும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதாவது கடிகாரம் பிறவியிலேயே தப்பாக ஓடுவது மட்டுமில்லை. நாம் இளைத்ததற்காகவே இன்னும் வேகமாக ஓடத் தொடங்குகிறது.

ஆகவே உருவகம் தப்பு, கருவி சரி. எரிவது எவ்வளவு மாறினாலும் சராசரிக் கோடு அதையும் சேர்த்தே காட்டிவிடும். ஒரு மாடல் பொய்த்தாலும் அதிலிருந்து பிறந்த கருவி வேலை செய்யும் என்பது எங்கள் தொழிலில் அதிசயம் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: தினமும் தராசில் ஏறுவதே வதையாக மாறிவிடும் மனநிலை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எவ்வளவு என்ற கேள்விக்கு வாக்கர் போதும். எது என்ற கேள்விக்கு அவரிடம் போய்ப் பயனில்லை. பைக்கு இட்லியும் அடையும் ஒன்றே, கலோரி சரியாக இருந்தால் சரி. எனக்கு ஒன்றில்லை. காலை எட்டரைக்கு நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி சாப்பிட்டால் பதினொரு மணிக்கு மீட்டிங்கில் பிஸ்கட் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு அடை சாப்பிட்ட நாள் ஒன்றரை மணிவரை சாப்பாட்டு நினைப்பே வராது. ராத்திரி தயிர்சாதம் எனக்குச் சுகம். என் அறை நண்பனுக்கு அதே தயிர்சாதம் பத்தரை மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறக்க வைக்கும். நம் வீடுகளில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: ஒத்துக்கொள்ளவில்லை. ‘எனக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காது.’ சாப்பாட்டுக்கு உடம்பின் சம்மதம் வேண்டும் என்கிற அர்த்தம் அந்தச் சொல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது.

திருக்குறளின் 95ஆவது அதிகாரமான ‘மருந்து’ இந்தச் சம்மதத்தைப் பற்றியது என்றுதான் நான் இப்போது வாசிக்கிறேன். தலைப்பு மருந்து, பத்துக் குறளில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. ஒரு உணவின் பெயரும் இல்லை. சாமை, தினை, நெய், பால் எதுவும் கிடையாது. உடம்பைப் பெற்றவன் அதை நெடுநாள் கொண்டுசெல்வது எப்படி என்பதுதான் பேச்சு. முன்பு உண்டது செரித்துவிட்டதா என்று பார், அளவு தெரிந்து உண், முரண்படாததை உண், நன்றாகப் பசித்த பிறகு உண். ‘அறிந்து’ என்ற சொல் இந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. வாக்கர் தராசில் தேடிய பின்னூட்டத்தை வள்ளுவர் வயிற்றில் வைக்கிறார்.

முரண்படாதது என்றால் எதற்கு முரண்? பரிமேலழகர் இங்கே மூன்றாகப் பிரிக்கிறார்: உண்பவரின் உடல் இயல்போடு, காலத்தோடு, உணவுகள் தமக்குள். முதலாவதைக் கவனியுங்கள். உண்பவரின் இயல்பு. அப்படியென்றால் பட்டியல் தர முடியாது, ஏனென்றால் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றாகிவிடும். உணவின் பெயர் சொல்லாமல் விட்டது விடுபடல் அல்ல என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். அந்த இடத்தை உண்பவன் நிரப்ப வேண்டும்.

பழம்பெருமை பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய ஆய்வுகளும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரின் ரத்தச் சர்க்கரையை ஒரு வாரம் தொடர்ந்து அளந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவு ஆளுக்கு ஆள் மிக வித்தியாசமாகச் சர்க்கரையை ஏற்றியது. அது சர்க்கரையைப் பற்றிய ஆய்வு, எடையைப் பற்றியதல்ல. எடைக்கு, ஸ்டான்ஃபோர்டில் 609 பேரைக் கொண்டு 2018இல் வெளிவந்த ஆய்வு இருக்கிறது. கொழுப்பைக் குறைத்த குழுவும் மாவுச்சத்தைக் குறைத்த குழுவும் ஒரு வருட முடிவில் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இளைத்திருந்தன. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் 30 கிலோ வரை குறைந்தவரும் இருந்தார், 10 கிலோ வரை கூடியவரும் இருந்தார். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று மரபணுவை வைத்தோ இன்சுலின் சுரப்பை வைத்தோ முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்ற எதிர்பார்ப்பு அங்கே பலிக்கவில்லை. ‘உங்கள் மரபணுவுக்கேற்ற டயட்’ என்று விற்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டு, காத்திருந்து, கவனிப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இப்போதைக்கு இல்லை.

குறளிலும் எனக்கு ஒரு குறை உண்டு. செரித்ததும் பசித்ததும் உள்ளிருந்து தெளிவாகத் தெரியும் என்று அது நம்புகிறது. எடை இழந்த உடம்பின் பசி அவ்வளவு நேர்மையான சாட்சி இல்லை என்று மேலே பார்த்தோம். அந்த இடத்தில் எனக்கு வாக்கரின் கோடு வேண்டும். பசி என்ன சொன்னாலும் கோடு 78ஐத் தொட்டால் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு கரண்டி குறையும்.

ஆனால் அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் வாக்கரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள்: நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து அதைக் கொடுப்பவர். வாக்கரின் திட்டத்தை நடத்த ஒருவரே போதும். தராசு, எக்செல், அவர். எடை குறைந்தவர்கள் வாழ்வது அப்படியான வீடுகளில் இல்லை. நம் ஊரில் ‘இளைச்சுட்டியே’ என்பது துக்கம் விசாரிப்பது. ‘கொஞ்சம் சதை போட்டிருக்கே’ என்பதுதான் பாராட்டு. ஊருக்குப் போனால் அம்மா என் தட்டைப் பார்த்துத்தான் நான் அங்கே நன்றாக இருக்கிறேனா என்று தெரிந்துகொள்கிறார். மூன்றாவது கரண்டி சாதத்தை மறுக்கிறபோது நான் மறுப்பது சாதத்தை மட்டும்தான் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? கலோரி அட்டவணை இதற்கு உதவாது. வத்தக்குழம்பின் பின்பக்கத்தில் எண் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

ஒத்துக்கொள்ளவில்லை என்ற சொல்தான் உதவியது. ‘டயட்ல இருக்கேன்’ என்றால் அம்மாவுக்கு அது கோபம் மாதிரிக் கேட்கும், அதற்கு ஒரு முடிவு தேதியும் கேட்பார். ‘காலைல இட்லி ஒத்துக்கல, அடைன்னா தாங்குது’ என்றேன். அது அவர் பாஷை. அடுத்த தடவை போனபோது கேட்காமலே அடைக்கு ஊறப்போட்டிருந்தார். வள்ளுவர் சொன்ன நான்காவது ஆள்.

இரண்டையும் படியுங்கள். வாக்கரைத் தராசுக்காக, 95ஆம் அதிகாரத்தைப் பரிமேலழகர் உரையோடு தட்டுக்காக. அதற்குப் பிறகும் ஒரு புத்தகம் பாக்கி இருக்கிறது. ஐந்தாவது வருஷத்துச் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், பாராட்ட யாரும் இல்லாதபோது, வீட்டில் மற்றவர்களுக்கும் சேர்த்து உலை வைத்துக்கொண்டே ஒருவர் எப்படி அதே எடையில் இருக்கிறார் என்று சொல்லும் புத்தகம். அதைச் சமைக்கிற ஒருவர்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.