மேன்ஷன் வைஃபைக்கு இலவச விபிஎன்: புரோட்டான் போதுமா?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள் தங்கும் குன்றத்தூர் மேன்ஷன்களில் வைஃபை பெரும்பாலும் வாடகையோடு சேர்ந்தே வருகிறது. எல்லா அறைக்கும் ஒரே ரவுட்டர், பாஸ்வேர்டு படிக்கட்டுச் சுவரில். பேங்க் ஆப்பும் வாட்ஸப்பும் ஏற்கெனவே குறியாக்கத்தில்தான் ஓடுகின்றன. ரவுட்டர்காரர் உங்கள் பின் நம்பரைப் படித்துவிட முடியாது. ஆனால் எந்தத் தளத்துக்கு எப்போது போனீர்கள் என்று பார்க்க முடியும். வேறு வேலை தேடுவதும் கடன் ஆப்பைத் திறப்பதும் அதில் அடக்கம். இதை மறைப்பதுதான் விபிஎன்னின் வேலை. அதற்காகப் புரோட்டான் விபிஎன்னின் இலவசப் பதிப்பை ஆண்ட்ராய்டில் ஓட்டிப் பார்த்தேன்.

கணக்குத் தொடங்கி 'கனெக்ட்' தட்டினால் திரையின் மேலே சாவி அடையாளம் வரும். அதோடு நிறுத்தாதீர்கள். செட்டிங்ஸில் விபிஎன் பகுதிக்குப் போய், ஆப் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, 'எப்போதும் இயங்கும் விபிஎன்', 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' இரண்டையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் விபிஎன் அறுந்த இடைவெளியில் போன் சத்தமில்லாமல் நேரடி வைஃபைக்குத் தாவிவிடும்.

டேட்டா வரம்பும் விளம்பரமும் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு கருவிதான். எந்த நாட்டு சர்வர் என்பதை ஆப்பே முடிவு செய்யும். யூடியூப் தடங்கலின்றி ஓடியது, வீடியோ காலில் குரல் சற்றுப் பிந்தியது, கூகுள் அடிக்கடி 'நீங்கள் ரோபோவா?' என்றது. வெளிநாட்டு முகவரி தெரிவதால் சில பேங்க் ஆப்களும் அரசுத் தளங்களும் முரண்டு பிடிக்கலாம். பணம் அனுப்பும்போது விபிஎன்னையும் அந்தத் தடுப்பையும் எடுத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாற வேண்டியிருக்கும். அலுப்புதான்.

ரவுட்டர்காரருக்குத் தெரியாதது இனி விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும் என்பதால், நிறுவனத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஹோலா என்ற இலவச விபிஎன் பயனர்களின் இணைப்பையே விற்றது 2015-ல் அம்பலமானது. ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய ஒனாவோ விபிஎன், மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அந்த நிறுவனத்துக்கே சொன்னது. புரோட்டான் தன் ஆப்களின் மூலநிரலை 2020-ல் திறந்து வைத்தது. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்லி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் விபிஎன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டபோது, இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டது. சம்பாத்தியத்துக்குப் பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் இருப்பதால் இலவசப் பயனரை விற்கும் அவசியமும் அதற்கு இல்லை.

கம்பெனி லேப்டாப்பில் இதைப் போடாதீர்கள். அங்கே ஐடி துறை தரும் விபிஎன் கம்பெனியின் தகவலைக் காப்பதற்கு. அதன் வழியே நீங்கள் போகும் இடம் அவர்களுக்குத் தெரியும். வாட்ஸப்பில் 'டிராஃபிக் சலான்' என்று வரும் ஏபிகே கோப்பை நீங்களே இன்ஸ்டால் செய்தால் எந்த விபிஎன்னும் தடுக்காது. பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பொது வைஃபையிலேயே பொழுதை ஓட்டுகிறவர்களுக்கு இலவசப் பதிப்பு தாராளம். சொந்த சிம் டேட்டாவிலேயே இருப்பவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.