கல்வராயன் மலை ஜாகீர்கள்: பேரரசின் ஓரத்தில் ஓர் ஆட்சி

மேலே ஒரு பேரரசர் இருக்க, கீழே தன் போக்கில் ஆண்டவர்களுக்கு உலக வரலாற்றில் பஞ்சமில்லை. உஸ்மானியப் பேரரசில் இது தனி மரபாகவே வளர்ந்தது. யானினாவில் அலி பாஷா, அக்கா துறைமுகத்தில் ஜஸ்ஸார் அகமது பாஷா, 1805 முதல் எகிப்தில் முகமது அலி, லெபனான் மலையில் ஷிஹாப் அமீர்கள். நாணயத்திலும் வெள்ளிக்கிழமைத் தொழுகையிலும் சுல்தானின் பெயர் இருக்கும். கப்பம் பேரத்துக்கு உட்பட்டது, படை அவரவருடையது. யார் பெயரில் நாணயம், யாருக்குக் கப்பம், யாருடைய படை என்ற இந்த மூன்று கேள்விகளைக் கொண்டே இத்தகையவர்களை வரலாற்றாசிரியர்கள் எடைபோடுகிறார்கள்.

நம் சமவெளியிலும் அப்படித்தான். மதுரை நாயக்கர் வகுத்த 72 பாளையங்களும் கப்பமும் படையுமாக இயங்கியவை. கிழக்கிந்தியக் கம்பெனி வந்ததும் கணக்கு மாறியது. 1799-ல் கட்டபொம்மன், 1801-ல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். எஞ்சியவர்கள் ஜமீன்தார்களாகிக் கம்பெனிக்குக் கிஸ்தி (தவணை வரி) கட்டினார்கள்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையின் கதை வேறு. இங்கே சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்கள் (பரம்பரை மானியப் பகுதிகள்). சேலம் பக்கம் பெரிய கல்வராயனும் சின்னக் கல்வராயனும். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் பட்டயம் தந்தார் என்பது மலையின் வழிவழிப் பேச்சு. குடிகள் மலையாளிகள் (கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்பவர்கள்). காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் என்று தங்கள் வரலாற்றைச் சொல்வார்கள்.

மேற்சொன்ன அளவுகோலால் அளந்தால் இந்த ஜாகீர்தார்கள் தேறமாட்டார்கள். நாணயம் அடித்ததில்லை. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி போலக் கோட்டைப் போரும் இல்லை. ஆனால் கட்டபொம்மனுக்குப் பிறகு 177 ஆண்டுகள் நீடித்தவர்கள் இவர்களே! சமவெளி ஜமீன்களை 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் முடித்துவைத்தது. மலையில் ஜாகீர் ஆட்சி 1976-ல்தான் முடிந்தது.

காரணம் வீரமல்ல என்பது என் கணிப்பு. இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரம், சாமையும் தினையும் விளையும் புன்செய், காய்ச்சல், சாலையின்மை. இங்கே வசூலுக்கு ஆள் அனுப்பினால் வரவைவிடச் செலவு அதிகம். ஜாகீர்தாரை விட்டுவைப்பதே மலிவு. மாறாக, யானினா அலி பாஷாவிடம் பொருளும் படையும் பெருகின; விட்டுவைக்க முடியாதவர் ஆனார். 1822-ல் அவர் தலை இஸ்தான்புல்லுக்குப் போனது.

மூன்று கேள்விகளும் மேல்நோக்கியே கேட்கப்படுகின்றன என்பதுதான் என் குறை. நான்காவதாக, உழுகிறவனுக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். முகமது அலியின் மகுமூதியா கால்வாயைக் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட விவசாயிகள் வெட்டினார்கள், ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். கல்வராயனில் குடியானவன் ஜாகீருக்கு வரியும் கட்டினான், கூலியில்லா வெட்டி வேலையும் செய்தான். மேலிடத்திடம் ஜாகீர்தாருக்கு இருந்த சுதந்திரம் அவனுக்குக் கீழே இறங்கி வரவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976-ல்தான்.

ஜாகீர் போனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதையடுத்துக் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டு, சாலை, பள்ளி, மருத்துவம் பற்றி அரசிடம் கேட்டது.