ஆண்டெனாவுக்குத் தடித்த எழுத்து, உரிமத்துக்கு ஒரு வரி

ஊரில் கிணற்று மோட்டாரையும் மேல்நிலைத் தொட்டியையும் இணைக்க இரண்டு ரேடியோ மோடம் வாங்கினேன். கூட வந்த கையேட்டைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஆண்டெனா மாட்டாமல் கரண்ட் கொடுக்காதே, கருவி கருகிவிடும் என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்து. நியாயம்தான். உரிமம்? கடைசிப் பக்கத்தில், உள்ளூர் விதிகளைப் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரே வரி. அவ்வளவுதாங்க.

பெட்டியிலிருந்து எடுக்கும்போதே மோடம் அமெரிக்க செட்டிங்கில் இருக்கிறது. அங்கே 902–928 மெகாஹெர்ட்ஸுக்கு உரிமம் வேண்டாம். சேனல் அதற்குள் தாவிக்கொண்டே இருக்கும். இந்தியாவிலோ 890–915 என்பது செல்போன்கள் டவருக்குப் பேசும் அலைவரிசை. நானே இரண்டு நாள் ஓட்டிய பிறகுதான் கவனித்தேன். யாருடைய போன் திணறியதோ!

நமக்கு 2005-இல் திறந்துவிட்டது 865–867; பிறகு 868 வரை நீட்டினார்கள். டிரான்ஸ்மிட்டர் 1 வாட்டைத் தாண்டக் கூடாது, ஆண்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட். அதாவது பெருக்கம் அதிகமுள்ள ஆண்டெனா மாட்டினால் பவரைக் குறைக்கணும். இதில் வக்கீலுக்கு வேலையில்லை, மெனுவில் மாற்றவேண்டிய இரண்டே எண்கள். ஆண்டெனா எச்சரிக்கைக்கு அடுத்த வரியிலேயே வந்திருக்கணும்.

உரிமம் வேண்டாம் என்றாலும் கருவிக்கு டபிள்யூபிசியின் ஈடிஏ ஒப்புதல் வேண்டும். மோடத்தைத் திருப்பிப் பார்த்தேன். அமெரிக்க எஃப்சிசி எண் பளிச்சென்று இருந்தது. ஈடிஏ எண் எங்கேயும் இல்லை.