கடனும் வியப்பும்: சங்கத் தாயரின் எதிர்பார்ப்புகள்

சங்கப் பாடல்களில் வரும் தாயரைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் மறக்குடித் தாயின் வீரத்தைப் போற்றுவதோடு அமைகின்றன. மக்களின் வருங்காலம் குறித்துத் தாய் கொண்ட எதிர்பார்ப்பை உருவாக்கியவை யாவை என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

பொன்முடியார் பாடிய புறநானூறு 312ஆம் பாடலில் தாய்க்குரிய கடன் மகனைப் பெற்று வளர்த்தல் மட்டுமே. அவனைச் சான்றோனாக்குதல் தந்தைக்கும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும் உரியன. வேந்தனின் கடனைச் சுட்டுமிடத்தில் 'நன்னடை', 'தண்ணடை' என இரு பாடங்கள் வழங்குகின்றன. முன்னது நல்லொழுக்கத்தையும் பின்னது மருதநிலத்து ஊரையும் குறிக்கும். பின்னதைக் கொள்ளின், போரையும் நிலக்கொடையையும் பிணைத்த வேந்தராட்சியே மகனின் வருங்காலத்தை வரையறுத்தது என்பது தெளிவாகும். பேசுபவள் தாயே எனினும், மகனை உருவாக்கும் உரிமை பிறர் கையிலேயே உள்ளது.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடலில், முந்தைய போர்களில் உறவினனையும் கணவனையும் இழந்த பெண், போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனிடம் வேலைக் கொடுத்துக் களத்திற்கு அனுப்புகிறாள். அவள் துணிவை வியக்கும் பாடற்குரல் அதன் கடுமை கண்டு நடுங்கவும் செய்கிறது. 'வீரத்தாய்' என்னும் பொதுப்பெயர் அந்நடுக்கத்தை மறைத்துவிடுகிறது.

மகளைக் குறித்த எதிர்பார்ப்பு இவ்வாறு கடனாக வகுக்கப்படவில்லை. அகப்பாடல்களில் அது பெரிதும் மகள் மனை நீங்கிய பின்னரே வெளிப்படுகிறது. ஐங்குறுநூற்றில் உடன்போக்கில் சென்ற மகளை எண்ணித் தாய் இரங்குவதற்கென்றே ஒரு பத்து அமைந்துள்ளது. போதனாரின் நற்றிணை 110ஆம் பாடலில், பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஊட்ட வந்தபோது உண்ண மறுத்து ஓடிய சிறுமி, வறுமையுற்ற கணவன் மனையில் தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், வேளை தவறி உண்டு வாழ்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் அவள் எவ்வாறு பெற்றாள் எனத் தாய் வியக்கிறாள்.

இவ்வியப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. மகனை உருவாக்குவோர் அனைவரையும் புறப்பாடல் வரிசைப்படுத்துகிறது. மகளை உருவாக்கியது எது என்பதை அகப்பாடலின் தாய் அறியாள். தந்தை மனையின் வளமே அவள் எதிர்பார்ப்பின் அளவுகோலாக இருந்தது. மகளோ வேறோர் அளவுகோலைத் தானே வகுத்துக்கொண்டாள். ஆகவே, தாயின் எதிர்பார்ப்பை இயல்பான தாய்மை உணர்வு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. மகன்பால் அதனை வடிவமைத்தவை குடியும் வேந்தும். மகள்பால் மனையின் செல்வம். அவ்வெல்லையைக் கடந்தவள் மகளே என்பதை நற்றிணைப் பாடல் காட்டுகிறது.